விசில் அண்ணையின் தேத்தண்ணி விரதம்

அன்று ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் மைதானத்தில் யார் யார் இருந்தோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது மறுப்புக் கடிதம் எழுதுவார்கள், எனக்கு ஒரு கிழமைக்கு நித்திரை வராது. பக்கத்துக்குப் பதினொருவராக இருபத்திரண்டு விளையாட்டுக்காரர். வெளியே காத்திருந்தவர்கள் நான்கு பேர். பெற்றோர் ஒன்பது பேர். நாயோடு உலாத்த வந்து, ஏனென்று தெரியாமலே கடைசிவரை நின்றுவிட்ட ஒரு நோர்வேக்காரர். பிளாஸ்க்குடன் நான். நடுவில் விசில் அண்ணை. நாயைச் சேர்க்காமல் முப்பத்தெட்டுப் பேர். இப்போது தூரத்து ஸ்தவாங்கர் நகரில் இருப்பவர்கள்கூட "நானும் அங்கைதான் நிண்டனான்" என்கிறார்கள். நம்ப வேண்டாம்.

எங்கள் ஆட்களுக்குள் சீட்டுப் பிடித்துப் பகைத்தவர் உண்டு, கலியாணம் பேசிப் பகைத்தவர் உண்டு. தேத்தண்ணி குடிக்க மறுத்தே ஒஸ்லோ முழுவதையும் பகைத்த மனிதர் விசில் அண்ணை ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் வரி அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கலாம். தொடர்மாடிகளில் பனி வழிப்பதும் குழாய் திருத்துவதும் அவருடைய தொழில். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். ஒரு கலியாண வீட்டில் சாப்பாட்டு வரிசைக்குள் இடையில் புகுந்த பெரியவருக்கு விசில் ஊதி மஞ்சள் அட்டை காட்டினார். அந்தப் பெரியவர் மாப்பிள்ளையின் தகப்பன்.

விசில் வந்த கதை இதுதான். ஒஸ்லோவில் இரண்டு பல்கலைக்கழகங்களின் தமிழ்ப் பிள்ளைகளுக்குள் பழைய பகை ஒன்று உண்டு. ஒன்று நகரத்துக்குள் இருப்பது. மற்றது ரயிலில் தெற்கே போனால் வருவது. மாடும் பயிரும் படிப்பிக்கிற இடம். ஒரு பிறந்தநாள் விழாவில் நகரத்துப் பொடியன் ஒருவன், "உங்கடை யூனிவர்சிற்றியிலை மாட்டுக்கும் இடம் குடுக்கிறாங்களாமே?" என்று கேட்டான். மற்றவன் கட்லெட்டைக் கடித்தபடியே, "ஓம். நீ இன்னும் விண்ணப்பிக்கேல்லையோ?" என்றான். அடுத்த சனிக்கிழமை உதைபந்தாட்டம். நகரக்காரர், வயல்காரர் என்ற பெயர்கள் அன்றைக்கே ஒட்டிக்கொண்டன.

முதல் வருடம் நடுவர் இல்லை. ஆகவே எத்தனை கோல் என்பதில் இன்றுவரை உடன்பாடு இல்லை. இரண்டாம் வருடம் ஒரு நோர்வே நடுவரைக் கூப்பிட்டார்கள். பாவம், அவருடைய பரம்பரையைப் பற்றி இரண்டு பக்கமும் தமிழில் சொன்னதை எல்லாம் உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து, சிரித்துக் கை காட்டினார். தமிழ் ஏச்சு தெரிந்த, இரண்டு பல்கலைக்கழகத்திலும் ஒட்டு உறவு இல்லாத ஒருவர் தேவைப்பட்டார். விசில் அண்ணை எட்டாம் வகுப்பு. அதைவிட நடுநிலை எங்கே கிடைக்கும்?

பொறுப்பெடுத்த அன்றே அவர் இரண்டு சட்டம் போட்டார். முதலாவது: எந்தத் தலைவராவது எழுத்தில் ஒரேயொரு முறைப்பாடு கொடுத்தால் அந்த நிமிடமே விசிலைக் கழற்றிவிடுவார். இரண்டாவது: ஆட்டத்துக்கு முந்திய ஒரு மாதம், விளையாடுகிற பிள்ளைகளின் வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ தேத்தண்ணி குடிக்கமாட்டார்.

எங்கள் ஊர் ஆட்களின் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி வேண்டாம் என்பது, வாசலில் நின்று கல்லெறிவதற்குச் சமம். பக்கத்து நகரான திராமனில் அவருடைய மைத்துனர் புது வீடு குடிபுகுந்தபோது மழைக்குள் வெளியே நின்றார். மைத்துனரின் மகன் வயல்காரரின் பின்வரிசை ஆட்டக்காரன்.

"அத்தான், ஒரு தேத்தண்ணியிலை என்ன லஞ்சம் இருக்கு?"

"பால் விட்டால் முழு லஞ்சம். பிளேன்ரீ எண்டால் அரை லஞ்சம். பலகாரத்தைப் பற்றி என்னோடை கதைக்காதை."

மைத்துனர் இரண்டு வருடம் அவரோடு பேசவில்லை.

ஒவ்வொரு வருடமும் அந்த மாதம் முழுவதும் அவர் குடித்தது என்னுடைய தேத்தண்ணி மட்டும்தான். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தனி ஆள், பிள்ளைகள் இல்லை, மருமக்கள் கனடாவில். ஆராய்ந்து பார்த்துத்தான் என்னைத் தெரிவு செய்தார். "எனக்கு மேலை ஒரு வகுப்புப் படிச்சிருக்கிறாய். பரவாயில்லை, மன்னிக்கலாம்" என்றார். எனக்கோ பயம். கிருமி இருக்குமென்று தண்ணீரை மூன்று தரம் கொதிக்க வைப்பேன். அவருக்கு நீரிழிவு வந்தால் பழி என்மேல் விழுமே என்று சீனியைக் குறைப்பேன். தடிமன் வந்தால் ஆட்டம் நின்றுவிடுமே என்று இஞ்சியைக் கூட்டுவேன். அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். ரசிக்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

அப்படி அவர் நடத்தியது பதினைந்து ஆட்டம். நகரம் ஏழு, வயல் ஏழு, ஒன்று சமன். முறைப்பாடு ஒன்றுகூட இல்லை.

அதற்கடுத்த வருடம் அவருடைய மகள் கௌசிக்கு மிருக வைத்தியம் படிக்க இடம் கிடைத்தது. தெற்கே, வயல்காரரிடம். சனமெல்லாம் வாழ்த்துச் சொல்ல வந்தது. அவர் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தார்.

"மிருக வைத்தியம் பரவாயில்லை. அவங்கடை கோல் கீப்பரும் ஆகிட்டாளடா தம்பி" என்றார். குரல் செத்தவீட்டுக் குரல்.

ஆட்டத்துக்கு முந்திய அந்த மாதம் சொந்த வீட்டுத் தேத்தண்ணியும் நின்றது. ஒவ்வொரு காலையும் ஆறு மணிக்கு என் கதவில் தட்டுவார். அவருடைய மனைவி சாந்தி அக்கா எனக்குப் போன் எடுத்து அழாக்குறையாகக் கதைத்தார். "இருபத்தாறு வருசம் நான் ஊத்தின தேத்தண்ணி இப்ப லஞ்சமாம், கேட்டியே?"

நகரக்காரரின் தலைவன் ஹரி, சட்டம் படிக்கிறவன். அவன் மரியாதையாகத்தான் சொன்னான். "அங்கிள், உங்களிலை நம்பிக்கை இருக்கு. ஆனால் கௌசி நிக்கிறா. ஒரு பிழை வந்தாலும் எங்கடை பெடியள் கிளாக எழுதச் சொல்லுவாங்கள்." கிளாக என்றால் நோர்வே மொழியில் முறைப்பாடு. அன்று விசில் அண்ணை என் சமையலறையில் விசிலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இது போனால் எனக்கு என்னடா இருக்கு? பனி வழிக்கிற மண்வெட்டி மட்டும்தான்" என்றார். நான் இன்னும் கொஞ்சம் இஞ்சி போட்டேன்.

ஆட்டம் கடைசி நிமிடம் வரை ஒன்றுக்கு ஒன்று. அப்போது ஹரியைக் கோலுக்கு முன்னுள்ள பெட்டிக்குள் யாரோ விழுத்தினார்கள். பெனால்டி. ஹரியே அடித்தான். கௌசி இடப்பக்கம் பாய்ந்து தட்டிவிட்டாள். வயல் பக்கம் குதித்தது. விசில்!

"கால் கோட்டை விட்டு முந்தி வந்திட்டுது. திரும்ப அடி."

இரண்டாம் தரம். கௌசி வலப்பக்கம் பாய்ந்து பிடித்தேவிட்டாள். நோர்வேக்காரரின் நாய்கூடக் குரைத்தது. திரும்பவும் விசில்.

"கால்!"

மூன்றாம் தரம் கோல். அதோடு ஆட்டம் முடிந்தது. வென்ற பக்கத்தில்கூட ஒருவரும் கத்தவில்லை. கௌசி கையுறையைக் கழற்றினாள். எனக்கு வந்த பதற்றத்தில், வீட்டு அடுப்பை அணைத்தேனா என்பதும் மறந்துவிட்டது.

ஹரி வந்தான். "அங்கிள், முதல் தரம் சரி. ரெண்டாம் தரம் அவ அசையேல்லை. நான் அவவின்ரை காலைத்தான் பாத்துக்கொண்டு அடிச்சனான்."

"வெண்டது நீங்கள்தானே தம்பி?"

"இப்பிடி வெல்ல வேண்டாம் அங்கிள். சமன் எண்டு போடுங்கோ."

விசில் அண்ணை அவனை நேராகப் பார்த்தார். "அப்ப எழுதித் தா."

"சும்மா வாயாலை சொல்லுறன், அங்கிள்..."

"சட்டம் படிக்கிறனியெல்லே? எழுது!"

ஒருவரிடமும் கடதாசி இல்லை. என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு துண்டு இருக்கும்: அடுப்பு, கதவு, யன்னல், இஸ்திரிப்பெட்டி என்று வெளிக்கிட முன் சரிபார்க்கிற பட்டியல். அதன் பின்பக்கத்தில், பதினாறு வருட வரலாற்றின் ஒரே முறைப்பாட்டை ஹரி எழுதினான். வென்ற பக்கம் எழுதிய முறைப்பாடு. விசில் அண்ணை இரண்டு தரம் வாசித்தார், மடித்தார், விசிலைக் கழற்றி அவன் கையில் வைத்தார். ஒன்றுக்கு ஒன்று, சமன். ஏழுக்கு ஏழு அப்படியே நின்றது.

சாந்தி அக்கா கொண்டுவந்திருந்த பிளாஸ்க்கைக் கௌசி தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இப்ப குடிக்கலாமோ, அப்பா?"

அவருடைய கை பழக்கத்தில் கழுத்தைத் தடவியது. அங்கே ஒன்றுமில்லை. கோப்பையை வாங்கினார்.

"ரெண்டாம் தரம் அசைஞ்சனியோ?"

"இல்லை."

"எனக்கும் தெரியும்."

"பின்னை ஏன் ஊதினனீங்கள்?"

"ஊதின பிறகுதான் தெரிஞ்சுது, பிள்ளை."

கௌசி தலையைக் குனிந்தாள். அழுகிறாளோ என்று பதறி ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் மூன்று கோப்பை குடித்தார், பால் விட்டது, முழு லஞ்சம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, பதினாறு வருசம் உன்ரை தேத்தண்ணி குடிச்சனான். அது தேத்தண்ணியே இல்லை, கசாயம். நான் ஒருநாளாவது உன்னிலை முறைப்பாடு எழுதினனானே?"

இப்போது திராமனிலிருந்து வரும் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் விசில் ஊதுகிறார். எங்கள் ஏச்சில் பாதிதான் அவருக்கு விளங்குகிறது. அந்தப் பாதிக்கே அட்டை போதவில்லை. விசில் அண்ணை கோட்டுக்கு வெளியே நிற்கிறார். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி குடிக்கிறார், பலகாரமும் சாப்பிடுகிறார். இனி நான் எதற்கு என்று யோசித்து யோசித்து, இந்த வருடமும் பிளாஸ்க்கோடுதான் போனேன். என்னைக் கண்டதும் வாயிலிருந்த வடையை அவசரமாக விழுங்கிவிட்டுக் கையை நீட்டினார். ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். கண்ணை மூடிக்கொண்டு மிச்சம் முழுவதையும் குடித்தார்.