கப்பல்காரனை விடாதீர்கள், மாப்பிள்ளை!

அன்பும் பண்பும் சட்ட அறிவும் ஒருங்கே வாய்த்த மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீங்களும் மகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். மேற்கொண்டு நலம் விசாரிக்கக் கை நிற்கவில்லை.

ஜெயித்துவிட்டோம் மாப்பிள்ளை! கப்பலில் வந்த பன்னிரண்டு கம்பளங்களையும் மூன்றாம் நாள் பிரித்தால் சொதசொதவென்று கிடந்தன என்று போனில் அழுதேனே, ஓய்வுபெற்ற பிறகு ஆசை ஆசையாகத் திறக்கப்போகிற கடை திறக்காமலே மூடிவிடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லையே, அதெல்லாம் பழைய கதை. நேற்று கப்பல் கம்பெனி ஆள் வந்ததும் வராததுமாக, "மழையில நனைஞ்சிருக்கும் சார், உங்க கிடங்குக் கூரையைப் பாருங்க" என்றார். ஏறிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. இறங்கத் தெரியாமல் அரைமணி நேரம் கூரையிலிருந்தே அவரோடு வாதாடினேன். பிறகு ஏணி வந்து, இறங்கி, ஒரு கம்பளத்தின் ஓரத்தைப் பிழிந்து நக்கினேன். ஒரே உப்பு! அவரையும் நக்கச் சொன்னேன், மறுத்துவிட்டார்.

அதற்குள் சேதம் மதிப்பிடும் சர்வேயர் வந்து, சின்னக் குப்பியிலிருந்து இரண்டு சொட்டு மருந்தை ஈரத்தில் விட்டார். பால்போல வெளுத்தது. "உப்புத்தண்ணிதான். மழைத்தண்ணி இப்படி வெளுக்காது" என்றார். சந்தோஷத்தில் அவரைக் கட்டிப்பிடித்தேன், அவருடைய கண்ணாடி உடைந்தது. கப்பல் ஆள் அப்போதும் விடவில்லை.

"கடல் கொந்தளிச்சா நாங்க என்ன சார் பண்றது?"

"உங்க கன்டெய்னர் பெட்டிக் கதவு சரியா மூடலேன்னா அது கடலோட தப்பா? சரக்கை நனையாம கொண்டுவர்றது உங்க பொறுப்பு!" என்றேன். நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். ஆள் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார்.

ஆகவே நோட்டீஸைக் காரசாரமாக எழுதி இன்றே அனுப்புங்கள். கேப்டனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏறுகிற கோர்ட்டுப் படியெல்லாம் வெற்றிப்படி ஆகட்டும் என்று வாழ்த்தும்,
உங்கள் மாமனார்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் மாமியார் தன் தங்கை வீட்டிலிருந்து திரும்பினாள். கம்பளங்களைப் பார்த்து, "ஐயையோ, எல்லாமா நனைஞ்சிடுச்சு?" என்றாள். விசாரித்தேன். சரக்கு வந்த அன்றே, இருப்பதிலேயே பெரிய சிவப்புக் கம்பளத்தைச் சாயம் போகாமலிருக்கக் கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் ஈரத்தோடு சுருட்டி மற்ற பதினொன்றின் மேலே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். "யாரைக் கேட்டு அலசினே?" என்றேன். "மாப்பிள்ளை வீட்டு ஹாலுக்கு அனுப்பலாம்னுதான். சொன்னா நீங்க தொட விடுவீங்களா?" என்கிறாள். எல்லாவற்றையும் வெயிலில் போட்டிருக்கிறோம். ஒரு சொட்டுச் சாயம் போகவில்லை, கடை திறந்துவிடும். மேலே கப்பல் என்று எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் உங்கள் மாமியார் என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும். நோட்டீஸ் மட்டும் அனுப்ப வேண்டாம், நான் இங்கே சாப்பிட்டாக வேண்டும்.