நாலு சிநேகிதிகள் போன வண்டி

"ரெண்டு நாள் நீ இல்லேன்னா நான் என்ன சாப்பிடறது?" என்று பொத்தானின் வீட்டுக்காரர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தடுக்கிற எண்ணத்திலும் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்கிற மாதிரி கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அவர் போனார், அந்தக் கேள்வி போகவில்லை. அது சமையலறை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

அவர் லிப்ட் மெக்கானிக். உயர உயரமான கட்டடங்களில் எல்லாம் மனிதர்களை ஏற்றி இறக்கத் தெரிந்தவர். அடுப்பிலிருந்து ஒரு பாத்திரத்தை இறக்கத் தெரியாது.

பொத்தான் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. சட்டை தைக்கிற கம்பெனியில் ஒரே வரிசையில் நாலு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி காலர் வைப்பாள், ஒருத்தி கை சேர்ப்பாள், ஒருத்தி பாக்கெட் தைப்பாள், கடைசியில் இவள் பொத்தான் வைத்து முடிப்பாள். மேஸ்திரி ஆளைக் கூப்பிட மாட்டார், வேலையைத்தான் கூப்பிடுவார். கம்பெனியை மூடி மெஷின்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகும் அந்தப் பெயர்கள் மட்டும் இவர்களோடு வீட்டுக்கு வந்துவிட்டன. அதிலும் பாக்கெட்டுக்கு ஓட்டைப் பாக்கெட் என்றே பட்டம். அவளிடம் போட்ட ரகசியம் அடுத்த பஸ் நிறுத்தத்துக்குள் கீழே விழுந்துவிடும்.

அங்கே வேலை நேரத்தில் பேசக்கூடாது. கொஞ்சம் எழுந்து போய்க் காலை நீட்ட வேண்டுமென்றால் அதற்கு ஒரே வழி தலைவலி. வயிற்றுவலி என்றால் மேஸ்திரி நம்ப மாட்டார். காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்த்துவிடுவார். தலைவலியை யார் தொட்டுப் பார்ப்பது? அதனால் நாலு பேருக்கும் முறைவைத்துத் தலைவலி வரும்.

எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அதில் நீலமாக ஒரு கடல். மாதம் முடிந்தும் அந்தத் தாளை யாரும் கிழிக்கவில்லை. அடுத்த மாதத்துப் படம் டிராக்டர் என்று ஓட்டைப் பாக்கெட் முன்னாலேயே தூக்கிப் பார்த்துச் சொல்லிவிட்டாள். அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ ஆயிரம் சட்டை தைத்தார்கள். "ஒரு நாளு நாம நாலு பேரும் இந்தத் தண்ணியில காலை வைக்கணும்டி" என்று காலர்தான் முதலில் சொன்னாள்.

அந்த ஒரு நாள் இந்தக் கோடையை விட்டால் கிடையாது. கோடை முடிந்ததும் காலர் மகனோடு இருக்க வெளிநாட்டுக்குப் போகிறாள். ஒரேயடியாக. கடற்கரையில் ஒரு சின்ன வீடு இரண்டு நாளுக்குப் பேசி, போய்வர ஒரு காரும் பேசியாயிற்று. பொத்தான் இப்போது சலவைக் கடையில் பிய்ந்துபோனதைத் தைத்துக் கொடுக்கிறாள். லீவு கேட்டுப் பழக்கமில்லாதவள் லீவும் வாங்கிவிட்டாள். அகலமாக விளிம்பு வைத்த தொப்பி ஒன்று வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் ஒரு தடவை போட்டும் பார்த்துவிட்டாள்.

இப்போது வீட்டுக்காரரின் சாப்பாடு மட்டும்தான் பாக்கி. அது ஒரு பெரிய விஷயமா? மாமியார் கூடவே இருக்கிறார். இரண்டு நாள் மகனுக்குப் பொங்கிப் போட மாட்டாரா?

மாமியார் மாட்டேன் என்று சொல்லவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டார். முன்பு ஒரு டாக்டர் கடல் மணலில் நடந்தால் இந்த மூட்டு சரியாகும் என்று சொன்னதாகவும், கூட்டிக்கொண்டு போக ஆளில்லாமல் அப்படியே விட்டுவிட்டதாகவும் சொன்னார். "என்னை விடு. நீ போயிட்டு வா. உன் காலாவது நல்லா இருக்கட்டும்" என்று முடித்தார்.

இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்வாள்?

"நீங்களும் வாங்க அத்தை" என்று பொத்தானின் வாய் சொல்லிவிட்டது. அவள் வாய்க்கு அந்த வியாதி உண்டு. எங்கே இரண்டு துணி பிரிந்து நின்றாலும் இழுத்துப் பிடித்து ஒரு பொத்தானை வைத்து மூடிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும்.

அப்படியானால் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு? நாத்தனார் அடுத்த தெருவில் இருக்கிறாள். அவள் புருஷனுக்கு வெளியூரில் வேலை. அவளைக் கேட்டபோது, "இதெல்லாம் கேக்கணுமா அண்ணி" என்று சிரித்தாள். மறுநாள் சாயங்காலம் ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். சமைக்க வந்தவளுக்குப் பெட்டி எதற்கு என்று பொத்தான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "அம்மாவைத் தனியா அனுப்ப மனசு வரல அண்ணி. நீங்க ஃப்ரெண்ட்ஸோட பேசிட்டே இருப்பீங்க, அம்மா பாட்டுக்குத் தண்ணியில எறங்கிட்டா?" என்றாள். சொன்ன கையோடு மேஜைமேல் இருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

பொத்தான் காலருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். சிநேகிதிகள் மட்டும் என்று பேசிய பயணத்தில் மாமியாரையும் நாத்தனாரையும் கொண்டுவந்து நிறுத்துகிறோமே என்று கூசினாள்.

"அப்பாடா" என்றாள் காலர். "எனக்கும் ரெண்டு பேரு ஒட்டிக்கிட்டாங்கடி. எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாளா முழிச்சிட்டிருக்கேன்."

கைக்கும் இரண்டு பேர். ஓட்டைப் பாக்கெட்டுக்கும் இரண்டு பேர். ஆக, கார் போய் வேன் வந்தது. வீட்டுக்கு மூன்று இடம். வேன் டிரைவர் கறாரான ஆள். வந்து வாசலில் நின்று, இருக்கிற இடத்துக்குமேல் ஒரு தலை கூடினாலும் சாவியே போட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பயணத்துக்கு என்ன பெயர் எழுத வேண்டும் என்று கேட்டார். பொத்தான் வெட்கப்பட்டுக்கொண்டே, "நாலு சிநேகிதிகள்னு போடுங்க" என்றாள். அவரும் ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வேனின் முன்கண்ணாடியில் ஒட்டிவிட்டார். தெருவில் போனவர்கள் படித்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு ஒரு நாள் பொத்தானுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் மறுபடி அதே கேள்வி. சமைத்துப் போட இருந்த இரண்டு பேரும் வேனில் ஏறுகிறார்கள். வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கு என்ன வழி?

இரண்டு நாளுக்கும் வேண்டியதை முன்கூட்டியே சமைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம் என்று தீர்மானித்தாள். வேளைக்கு ஒரு டப்பா, ஒவ்வொரு டப்பாவிலும் சூடாக்குவது எப்படி என்று ஒரு குறிப்பு. டப்பாவின்மேல் டப்பா அடுக்கி, கதவு மூடாமல் இடுப்பால் ஓர் இடி இடித்து மூடினாள். அந்த ஃபிரிட்ஜுக்கும் வயசாகிவிட்டது, பாவம். கிளம்புவதற்கு முந்தின நாள் காலை ஒரு பெருமூச்சு விட்டது. அதோடு சரி. உள்ளே இருந்த பிராணன் எல்லாம் தண்ணீராகத் தரையில் ஓடியது.

ரிப்பேர்காரர் வருவதாகச் சொன்னார். மறுநாள் வருவதாகச் சொன்னார். காலையா மாலையா என்று கேட்டதற்கு, வீட்டில் ஆள் இருக்கட்டும், வருகிறபோது வருவேன் என்றார்.

வீட்டுக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். சில நாளாக அவருக்கு அங்கேதான் இருப்பு. பேச்சு குறைந்து பெருமூச்சு கூடியிருந்தது. "அதான் நான் இருக்கேனே" என்றார் தெருவைப் பார்த்தபடி. "எல்லாரும் சந்தோஷமா போயிட்டு வாங்க. வீட்டுக்கு ஒரு பூட்டு வேணுமில்ல, நான் தொங்கறேன். நானும் கடலைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு, அத விடு."

அந்த 'அத விடு' இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும்.

பொத்தான் டிரைவருக்குப் போன் போட்டுக் கெஞ்சினாள். ஒரே ஓர் ஆள், ஒல்லியான ஆள், படியில்கூட உட்கார்ந்துகொள்வார். டிரைவர், "அம்மா, ஒல்லியா இருந்தாலும் தலை தலைதான்" என்று வைத்துவிட்டார்.

அவள் கூடத்தைப் பார்த்தாள். மாமியார் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நாத்தனார் தொப்பிக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் தொங்கிக்கொண்டிருந்தார். யாரும் அவளைப் பார்க்கவில்லை. ரொம்ப ஜாக்கிரதையாகப் பார்க்கவில்லை. பிரிந்து நிற்கிற இரண்டு துணி அவளுக்கு மறுபடி கண்ணில் பட்டது. இந்தத் தடவை நடுவில் வைத்துத் தைக்க அவளைத் தவிர வேறு பொத்தான் இல்லை.

"நீங்க போயிட்டு வாங்க. ஃபிரிட்ஜை நான் பார்த்துக்கறேன்."

சே சே, அதெப்படி, நீ இல்லாமலா என்று மூன்று பேரும் மறுத்தார்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரத்துக்கு மறுத்தார்கள். பிறகு வீட்டுக்காரர் எழுந்து போய் அவளுடைய பையில் அவருடைய துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

சிநேகிதிகளிடம் சொல்லலாமா? சொன்னால் காலர் வண்டியையே நிறுத்திவிடுவாள். நீ வராத இடத்துக்கு நாங்கள் எதற்கு என்பாள். ஒருத்தி ஃபிரிட்ஜுக்காக மூன்று பேருடைய கடலும் போக வேண்டுமா? வேண்டாம். அவர்களாவது காலை நனைக்கட்டும். வேனில் ஏறின பிறகு தெரிந்தால் போதும். அதற்குமேல் திரும்பி வர மாட்டார்கள். வீட்டுக்காரரிடம் தலைவலி என்று சொல்லச் சொன்னாள். அது ஒன்றுதான் அவர்களுக்குப் புரிகிற சீக்கு.

ஆனாலும் மனசு கேட்காமல் அன்று சாயங்காலம் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டாள். "எங்க அத்தைக்கு முழங்கால் வலிடி. கொஞ்சம் கையைப் புடிச்சு எறக்கி விடுங்க" என்று மட்டும் சொன்னாள். கை, "சரிடி, எங்க மாமனாரையும் நீ பாத்துக்கோ, வண்டியில தூங்கிடுவாரு" என்றாள். காலரும் அதே மாதிரி, "எங்காளுங்க சாதுங்கடி, நீ பாத்துக்குவேல்ல?" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. வெளிநாடு போகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டாள். ஓட்டைப் பாக்கெட் மட்டும்தான் ஆச்சரியம். போனை எடுத்தால் வைக்கத் தெரியாதவள், "நாளைக்குப் பேசிக்கலாம்டி" என்று பட்டென்று வைத்துவிட்டாள். எல்லாருக்கும் கிளம்புகிற அவசரம், நமக்குத்தான் ஒரு அவசரமும் இல்லை என்று பொத்தான் ஈரத்தரையைத் துடைத்தாள்.

வேன் முதலில் இவள் வீட்டுக்குத்தான் வந்தது. அவள் வாசலுக்குப் போகவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றாள். மாமியார் ஏறுகிற சத்தம், நாத்தனார் ஜன்னலோர இடம் கேட்கிற சத்தம், வீட்டுக்காரர் பையைத் தூக்கிப்போடுகிற சத்தம் எல்லாம் கேட்டது. ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தாள். நாலு சிநேகிதிகள் என்ற அட்டை மெள்ளத் திரும்பி, தெருமுனையில் மறைந்தது.

வீடு அப்படி ஓர் அமைதியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. பார்த்து என்ன செய்ய? இந்நேரம் காலர் ஏறியிருப்பாள். கழுத்தை நீட்டி இவளைத் தேடியிருப்பாள். முதலில் திட்டுவாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பிறகு கை ஏதாவது சொல்ல, ஓட்டைப் பாக்கெட் கெக்கெக்கே என்று சிரிக்க, மறந்துபோவாள். மறக்கத்தான் வேண்டும். கோடை முடிந்தால் காலர் எங்கேயோ, இவள் எங்கேயோ. கடைசியாக அவள் முகத்தைப் பார்க்கிற பாக்கியத்தை ஒரு பழைய ஃபிரிட்ஜுக்கு எழுதி வைத்தாயிற்று.

ரிப்பேர்காரர் போன் செய்தார். இன்றைக்கு வர முடியாதாம். அடுத்த வாரம் பார்க்கலாமாம்.

பொத்தான் போனை வைத்தாள். துணி துவைக்கிற பெரிய டப்பை எடுத்துக் கூடத்தின் நடுவில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். சமையலறைக்குப் போய் உப்பு டப்பாவோடு வந்தாள். ஒரு கை உப்பு அள்ளிப் போட்டாள். யோசித்து, இன்னொரு கை போட்டாள். நாற்காலியை இழுத்துப்போட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு காலையும் உள்ளே வைத்தாள். அலை வேண்டுமே என்று பாதத்தைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. சத்தம் போட்டு அழுதாள். கேட்கத்தான் ஆளில்லையே.

அந்த நேரம் பார்த்துப் போன் மறுபடி அடித்தது. வேன் டிரைவர். காலரைத்தான் பேசச் சொல்கிறார், திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று பொத்தான் அவசரமாகக் கண்ணைத் துடைத்து, தலைவலிக்காரியின் குரலை வரவழைத்துக்கொண்டு, "ஹலோ" என்றாள்.

பின்னால் ஒரே இரைச்சல். டிரைவர் அதற்குமேல் கத்தினார். "அம்மா, எல்லா வீட்டிலயும் ஆளுங்களை ஏத்தியாச்சு, தலையும் சரியா இருக்கு. ஆனா நாலு வீட்டம்மாவுக்கும் தலைவலின்னு சொல்லித்தான் எல்லாரும் ஏறியிருக்காங்க, இங்க ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியல. கண்ணாடியில ஒட்டின அட்டையை எடுத்துடட்டுமா?"