தொண்டை வலிக்காரனுக்கு நான் செய்த உபதேசம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி மருந்துக்கடையிலிருந்து பணிவுடன் எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லோரும் சௌக்கியம். உன் முழங்காலும் அத்தானின் காதும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். நீ கேட்ட தைலத்தைத் தனியாக அனுப்பியிருக்கிறேன், பூசு, குடித்துவிடாதே. உடம்பைத் தவிர மற்றதெல்லாம் இங்கே கெட்டுக் கிடக்கிறது. உன் மருமகள், அதாவது என் மகள், என்னோடு பேசுவதில்லை. காலமெல்லாம் பிரசவ வார்டில் வேலை பார்த்த நீ எதைப் பற்றியும் முகம் மாறாமல் பேசுவாய் என்பதால் உன்னிடம் ஓர் உதவி கேட்கப் போகிறேன். அது கடைசியில். முதலில் என் மானம் போன கதை.

சில மாதமாகக் கல்லூரிப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கடைக்கு வருவார்கள். எடை பார்க்கும் மெஷினைப் பார்ப்பார்கள், பக்கத்தில் யாராவது நின்றால் அவர் போகும்வரை பற்பசை அட்டையில் எழுதியிருப்பதையெல்லாம் படிப்பார்கள். நான் மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி, "என்ன வேணும்?" என்பேன். "இருமல் மிட்டாய்" என்று வாங்கிக்கொண்டு ஓட்டமெடுப்பார்கள். ஏதோ தொண்டை நோய் பரவுகிறது, அதை முதலில் கண்டுபிடித்த மேதை நான்தான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மொத்த வியாபாரியிடம் பெட்டி பெட்டியாக மிட்டாய் எடுத்தேன். "தொண்டையைக் காப்போம்" என்று வாசலில் பலகைகூட வைத்தேன். இதைச் சாப்பாட்டு மேஜையில் பெருமையாகச் சொன்னபோது உன் மருமகளுக்குப் புரையேறிவிட்டது.

"அவங்க யாருக்கும் இருமல் இல்லப்பா. உங்க மூஞ்சியப் பாத்ததும் கேக்க வந்தது உள்ளயே நின்னுடுது."

"அப்படி என்ன கேக்க வந்தாங்க?"

"கீழ் டிராயர்ல பழைய பேப்பர் சுத்தி ஒளிச்சு வச்சிருக்கீங்களே, ஆணுறை, அது."

என் மனைவி உடனே தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். மேஜையில் கூஜா நிறைய தண்ணீர் இருந்தது.

உனக்குத்தான் தெரியுமே, இவள் கல்லூரியில் சுகாதாரக் குழுவில் இருக்கிறாள். பிள்ளைகள் இவளிடம் மனம் விட்டுப் பேசுகிறார்கள். "கடை மட்டும் இல்லப்பா," என்றாள். "புதுசா பழகறவங்க ஜாக்கிரதையாத்தான் இருக்காங்க. கொஞ்ச நாள் போயி, நமக்குள்ள நம்பிக்கை வந்துடுச்சுன்னு விட்டுடறாங்க. வேணும்னு பொண்ணு சொன்னா, 'அப்ப என்னை நம்பலையா'ன்னு அவன் கோவிச்சுக்குவானோன்னு இவளுக்குப் பயம். அவன் வாங்கி வச்சிருந்தா, இவ தன்னைத் தப்பா நினைப்பாளோன்னு அவனுக்குப் பயம். அவன் நாலு வயசு பெரியவனா இருந்துட்டா இவ வாயே திறக்கறதில்ல. ரெண்டு பேரும் எதையும் பேசிக்கறவங்களா இருந்தாத்தான் இதையும் பேசறாங்க. அப்படிப் பேசி, தைரியமா கடைக்கு வந்தா அங்க நீங்க நிக்கறீங்க." தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: "என்கூடப் படிக்கிற ஒருத்தி ரெண்டு தடவை வந்து மிட்டாயோட திரும்பிப் போனா. இந்தத் தடவை அவ பரீட்சைக்கு வரல. வீட்டுல அழுதுட்டு உக்காந்திருக்கா."

எனக்கு அந்தப் பெண்ணை நினைவிருக்கிறது, அக்கா. தோள்பை ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தவள். மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் போனாள். பாவம், மறதிக்காரி என்று நினைத்தேன். எனக்கு உண்மையாகவே வெட்கமாகப் போய்விட்டது. இதில் நான் யாருக்கும் பாடம் சொல்லும் யோக்கியதை உள்ளவனும் இல்லை. கடை முழுக்கச் சரக்கை வைத்துக்கொண்டு, கம்பவுண்டர் பார்த்துவிடுவாரே என்று என் கடையிலேயே எனக்கு ஒன்று எடுக்கக் கூச்சப்பட்ட மகான் நான். அந்தக் கூச்சம்தான் இப்போது எங்கள் கடைக்குட்டியாக ஏழாம் வகுப்பில் கணக்கில் தோற்றுக்கொண்டிருக்கிறது.

சரி, திருந்திவிடுவோம் என்று மறுநாள் காலையிலேயே டிராயரைக் கவிழ்த்து எல்லாவற்றையும் முன்பக்கம் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் அடுக்கினேன். தொண்டைப் பலகையை எடுத்துவிட்டு, "நீங்களே எடுத்துக்கொள்ளலாம், கேள்வி கிடையாது" என்று எழுதி வைத்தேன். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கேள்வி கிடையாது என்றுதானே எழுதினேன், உபதேசம் கிடையாது என்று எழுதவில்லையே. அன்று சாயங்காலம் நெட்டையாக ஒரு பையன் வந்தான். மகள் வயசுதான் இருக்கும். வாயைத் திறக்காமல் தொண்டையைத் தொட்டுக் காட்டினான், பிறகு மிட்டாய் ஜாடியைக் காட்டினான். எனக்கா தெரியாது? முக்காலியைப் போட்டு உட்கார வைத்தேன்.

"தம்பி, எங்கிட்ட இந்த இருமல் கதையெல்லாம் வேணாம். அந்தப் பொண்ணுகிட்ட பேசினியா? நம்பிக்கை வேற, ஜாக்கிரதை வேற. அவ கேட்டா நீ மூஞ்சியத் தூக்கக் கூடாது. அவ வேணாம்னா அதோட பேச்சு முடிஞ்சுது. என்ன தலையாட்டற? வாய் இருக்குல்ல, பேசு."

அவன் இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக் காட்டினான். கண்ணில் நீர் வந்துவிட்டது. மனம் திருந்துகிறான் என்று எனக்கு இன்னும் உற்சாகம். ரத்த அழுத்த மாத்திரைக்கு நின்றிருந்த அம்மாள் ஒருத்தி, "நல்லாச் சொல்றீங்க, எங்க காலத்துல யாரும் சொல்லல" என்று தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கம்பவுண்டர் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்துப் பார்த்துவிட்டு, முடியாமல் உள்ளே போய்விட்டார். நான் ஒரு பாக்கெட்டை எடுத்து, "இது என் கணக்குல" என்று அவன் சட்டைப்பையில் சொருகினேன். அப்போதுதான் வெளியே வண்டியை நிறுத்திவிட்டு உன் மருமகள் உள்ளே வந்தாள்.

"அப்பா, உங்களுக்கு அறிமுகப்படுத்தணும்னு இவனைத்தான் கூட்டிட்டு வந்தேன். தொண்டை கட்டிப் பேச்சே வரல. மிட்டாய் வாங்கிக்கடான்னு முன்னாடி அனுப்பினேன்."

அவன் நல்ல பிள்ளை. எழுந்து குனிந்து எனக்குக் கைகூப்பினான். பாக்கெட் அவள் காலடியில் விழுந்தது.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. "சாவி எங்கன்னு அவர்கிட்ட கேளும்மா" என்று என் முகத்துக்கு நேரே தன் அம்மாவிடம் சொல்கிறாள். அது போகட்டும், நான் பட்ட அவமானமும் போகட்டும். என்னை அரிப்பது வேறு. கடைக்கு வரும் பிள்ளைகளிடம் கூட்டம் சேர்த்துப் பேசிய எனக்கு, என் பிள்ளையிடம், "நீ பத்திரமா இருக்கியாம்மா, அவன் உன் பேச்சைக் காது கொடுத்துக் கேக்கறானா" என்று கேட்க நாக்கு எழவில்லை. அந்தப் பரீட்சைக்கு வராத பெண்ணைப் போல இவளும் எங்கேயோ கேட்க முடியாமல் திரும்பிப் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது, அக்கா. அதனால் நீ புறப்பட்டு வா. ஏதாவது சாக்குச் சொல்லி அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேள். அவள் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எனக்குச் சொல். நான் கேட்கச் சொன்னேன் என்று மட்டும் தெரிய வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சத்தமாகச் சொல்லவும். உன் பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து, யாரும் மருந்துக்கடை வைக்காமல், நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள, நாவடக்கம் இல்லாத
தம்பி

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். கடிதத்தை மேஜையில் விரித்து வைத்துவிட்டு உறை தேடப் போன புத்திசாலி உன் தம்பி. திரும்பி வந்தால் உன் மருமகள் என் நாற்காலியில் உட்கார்ந்து கடைசிப் பக்கம் படித்துக்கொண்டிருக்கிறாள். "இதுக்கு அத்தை வரணுமாப்பா? நீங்களே கேளுங்க" என்றாள். கேட்டேன். பாதியில் எனக்கு வியர்த்துக் கொட்டியது, அவள் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் குறுக்கே பேசவில்லை, நம்பினால் நம்பு. அவள் எல்லாம் சொன்னாள். என்ன சொன்னாள் என்று கேட்டு எழுதாதே. சின்ன வயசிலிருந்து உன்னிடம் எதையும் மறைத்ததில்லை, இதை மறைக்கப் போகிறேன். அவள் என்னை நம்பிச் சொன்னது.