வாய் மூடிவிட்டது, தங்கையை அனுப்பி வைக்கவும்

இயேசு மரி சூசை துணை

பாகூர்,
வெள்ளிக்கிழமை.

மிகுந்த மரியாதைக்குரிய மச்சான் டேனியல் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஜோஸ்பினின் கணவனும், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரும், கடந்த பத்தொன்பது நாளாகத் தானே சோறு வடித்துத் தானே தின்பவனுமாகிய சூசைநாதன் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கு நானும் மூன்று கோழிகளும் சுகம். குருவிநத்தத்தில் நீங்களும் வீட்டிலுள்ளவர்களும் மாடு கன்றும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். ஜோஸ்பினும் சுகமாகத்தான் இருப்பாள். ரொம்பச் சுகமாக இருந்தால் மட்டும் அதை எனக்குத் தெரிவிக்க வேண்டாம்.

மச்சான், வளவளவென்று வளர்த்துவானேன். என் வாய் மூடிவிட்டது. ஆகவே என் மனைவியைத் திருப்பி அனுப்பி வைக்கவும். விஷயம் இவ்வளவுதான். இதோடு நிறுத்தினால் கண்டக்டர் எழுதிய கடிதம் என்று நீங்களே நம்ப மாட்டீர்கள் என்பதால் விவரமாக எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், அவளோ ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே இருந்து நடுவில் புகுந்து கதையை மாற்றிவிடுவாள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

முப்பத்திரண்டு வருஷம் வாயைத் திறந்தே பிழைத்தவன் நான். பாகூரில் விசில் கொடுத்தால் கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பாண்டி வரைக்கும் கத்திக் கத்தி, ரிட்டயர் ஆன பிறகு வாய்க்கு மூடத் தெரியாமல் போய்விட்டது. தூக்கத்திலும் அப்படித்தான். என் குறட்டை எங்கள் தெருவுக்கே காவல் என்று எதிர் வீட்டுச் செல்லக்கண்ணு அண்ணன் பெருமையாகச் சொல்வார். ஆனால் பாண்டியில் ஒரு டாக்டர் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, இது வெறும் குறட்டை இல்லை, ஸ்லீப் ஆப்னியா என்கிற வியாதி, தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொண்டு மணிக்கு நாற்பத்தோரு தடவை உங்களுக்கு மூச்சு நிற்கிறது என்றார். உங்கள் தங்கை அந்த இடத்திலேயே அழுதுவிட்டாள். "மணிக்கு நாப்பத்தோரு வாட்டி செத்துச் செத்துப் பொழைச்சியாய்யா, பக்கத்துல படுத்துக்கினு எனக்கே தெரியலியே" என்று அவள் கேட்டபோது, மச்சான், எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அதற்குத்தான் அந்த மிஷின் வந்தது. பழைய ரேடியோ அளவுதான் இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் மூக்குக்கு மட்டும் ஒரு மூடி. மிஷின் காற்றை அழுத்தி மூக்கு வழியாக அனுப்பும், அந்தக் காற்று தொண்டையை அடைக்க விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரே நிபந்தனை, வாய் மூடியிருக்க வேண்டும். என் வாயைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. முன்படியில் ஏறிய ஆள் டிக்கெட் வாங்காமல் பின்படியில் இறங்கிப் போவது மாதிரி, மூக்கில் ஏறிய காற்றெல்லாம் வாய் வழியாக இறங்கிப் போய்விட்டது. காலையில் எழுந்தால் நாக்கு அப்பளமாகக் காய்ந்து அண்ணத்தில் ஒட்டிக் கிடக்கும். ஆறு நாள் பொறுத்தாள் ஜோஸ்பின். ஏழாம் நாள் காலையில் பையை எடுத்துவிட்டாள். "கொறட்டையிலயாவது ஒரு தாளம் இருந்திச்சி. இது இன்னாய்யா, யாரோ டயருல காத்து புடுங்கி வுடுற மாதிரி புஸ்ஸு புஸ்ஸுனு, அதுவும் என் மூஞ்சிக்கே. மிஷினக் கழட்டி வையின்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு நீ உசுரோட வோணும், தூக்கமும் வோணும். வாய மூடிக்கினு தூங்கக் கத்துக்கினு சொல்லி அனுப்பு, வர்றேன்" என்று சொல்லிவிட்டு உங்கள் வீட்டுக்கு பஸ் ஏறினாள். அந்த பஸ்ஸில் கண்டக்டர் என்னிடம் வேலை பழகியவன்தான். அவனாவது நிறுத்தியிருக்கலாம்.

கல்யாணத்தன்று நீங்கள் என் தோளில் கை போட்டுச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "என் தங்கச்சி வூட்ல இருக்கறதே தெரியாது மாப்ள, ராத்திரியும் பகலும் அவ்ளோ அமைதி" என்றீர்கள். பகலைப் பற்றி நீங்கள் சொன்னது பொய் என்று மறுநாளே தெரிந்துகொண்டேன். ஆனாலும் அவள் சத்தம் இல்லாத வீடு வீடாக இல்லை. பேச ஆள் இல்லாமல் கோழிகளுக்கு ஸ்டாப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தேன். எப்படியும் வாயை மூடியே தீருவது என்று முடிவு செய்தேன்.

முதலில் பிளாஸ்திரி. மூலக்குளத்தில் இந்த மாதிரி மிஷின்கள் விற்கும் ஃபைசல் தம்பி, "மூக்கு அடைச்சிருக்கறப்ப வாய்ல எதையும் ஒட்டாதீங்க அங்கிள், ஆபத்து" என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. ஒட்டிய பத்தாவது நிமிஷம் மூச்சு முட்டிப் பிடுங்கி எறிந்தேன். பிளாஸ்திரியோடு வலது பக்க மீசையும் வந்துவிட்டது. ஒற்றை மீசையோடு ஞாயிறு பூசைக்குப் போக முடியாதென்று இடது பக்கத்தையும் நானே வழித்துவிட்டேன். அடுத்தது, மிஷினில் ஈரக் காற்றுக்காக ஒரு தண்ணீர் டப்பா உண்டு, அதில் மூக்கு திறக்கட்டுமே என்று யூகலிப்டஸ் தைலம் ஊற்றினேன். ஃபைசல் தம்பி டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு அரை நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பொறுமையாக, "அங்கிள், நீங்க வாயோட சண்டை போடறீங்க. மொதல்ல மூக்கத் தொறங்க, வாய் தானா மூடும். டாக்டர் குடுத்த ஸ்ப்ரே அடிங்க, உப்புத் தண்ணில மூக்கக் கழுவுங்க, பகல்ல மிஷின் இல்லாம படுத்து மூக்கால மூச்சு வுட்டுப் பழகுங்க. தாடைக்கு ஒரு பெல்ட்டு இருக்குது, வர்றதுக்கு ஒரு வாரம் ஆவும்" என்றார். ஒரு வாரம் பொறுக்கிறவனா நான்? மூக்கை மட்டும் அவர் சொன்னபடி கழுவிவிட்டு, பெல்ட்டுக்குப் பதிலாக ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்துக்கொண்டேன்.

இனிமேல் நடந்தது உங்கள் காதுக்குக் கண்ணும் மூக்கும் வைத்து வந்திருக்கும். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஹாலில் பெஞ்சின் மேல் மல்லாந்து படுத்தேன். வெள்ளைத் துணியால் தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் ஒரு முடிச்சுப் போட்டேன். மூச்சை எண்ண வேண்டுமே, அதற்காகக் கையில் ஜெபமாலையை எடுத்து நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டேன், ஒரு மூச்சுக்கு ஒரு மணி. கொசுவுக்காகத் தலைமாட்டில் ஊதுவத்தி. எண்ணிக்கொண்டே வந்தேன், மூன்றாவது பத்து தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன். எப்பேர்ப்பட்ட தூக்கம் மச்சான்! வாய் மூடி, மூக்கால் மூச்சு விட்டு, சத்தமே இல்லாமல், பிறந்த குழந்தை மாதிரி.

அந்த நேரம் பார்த்து ஏணி கேட்டு வந்திருக்கிறார் செல்லக்கண்ணு அண்ணன். எங்கள் தெருவில் யார் தவறினாலும் தாடை கட்டுவதும் கால் கட்டைவிரல் கட்டுவதும் அவர் கை வேலைதான், வேறு யார் கட்டினாலும் அவருக்குப் பிடிக்காது. வாசலில் நின்று பார்த்திருக்கிறார். தாடைக் கட்டு, மீசை வழித்த முகம், நெஞ்சில் ஜெபமாலை, தலைமாட்டில் ஊதுவத்தி. இதையெல்லாம்கூட அவர் சந்தேகப்பட்டிருப்பார். குறட்டை இல்லை பாருங்கள், அதில்தான் முடிவே செய்துவிட்டார். அவர் முதலில் சொன்னதைப் பக்கத்து வீட்டுப் பாக்யராஜ் கேட்டிருக்கிறான். "எனக்கு முன்னாடி எவன்டா கட்னது? முடிச்சப் போட்டிருக்கிற லட்சணத்தப் பாரு" என்றாராம். என் முடிச்சை அவிழ்த்து, தாடைக்கு அடியில் துணியை மடித்துக் கொடுத்து, காதுக்குப் பின்னால் கொண்டுபோய், அவர் முறைப்படி கச்சிதமாகக் கட்டிவிட்டு, கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். முப்பது வருஷமாகச் சரியாகத் தூங்காதவன் நான். இத்தனைக்கும் எழுந்திருக்கவில்லை.

கோயில் மணிச் சத்தத்தில்தான் விழித்தேன். சாவு மணி. யாரோ நல்ல ஆத்துமா போய்விட்டது போலிருக்கிறதே என்று மனசு கஷ்டமாகி, கையில் ஜெபமாலை இருக்கவே, அந்த ஆத்துமாவின் நித்திய இளைப்பாற்றிக்காக ஒரு பரலோக மந்திரமும் மூன்று அருள் நிறைந்த மந்திரமும் உள்ளுக்குள் சொல்லி முடித்தேன். போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று காலை எடுத்தால் கால் வரவில்லை. வாயைத் திறந்தால் வாய் வரவில்லை. அதற்குள் தெருப் பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். "எறங்குற எடம் வந்தா தூங்குறவங்கள எழுப்பி வுடுவியே அண்ணே, இப்ப நீயே தூங்கிட்டியே" என்று ஒரு அம்மா அழுதாள். உண்மையைச் சொன்னால் அப்போதே கையை ஆட்டியிருக்கலாம். ஆனால் நல்லதாக நாலு வார்த்தை வந்துகொண்டிருந்தது. பணியில் இருந்தபோது எனக்கு ஒரு பாராட்டுக்கூட்டம் நடந்ததில்லை. ஐந்து நிமிஷம் போகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த ஐந்து நிமிஷத்தில்தான் பாக்யராஜ் உங்கள் வீட்டுக்கு போன் போட்டான். நீங்கள் வயலில் இருந்தீர்களாம், ஜோஸ்பின் எடுத்தாள். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டான். அவன் விஷயத்தைச் சொல்லி முடித்தான். ஜோஸ்பின் கேட்டாள்.

"வாய் தொறந்திருக்குதா, மூடியிருக்குதா?"

"மூடியிருக்குது அக்கா."

"அப்ப அது எங்க வூட்டுக்காரு இல்ல. வேற யாரோ படுத்திருக்காங்க, நல்லாப் பாருங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாய்தான் கட்டியிருக்கிறதே, முழுச் சிரிப்பும் மூக்கு வழியாக வந்துவிட்டது. ஃபைசல் தம்பி சொன்ன உப்புத் தண்ணீர் வேலை செய்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன், மூக்கு அவ்வளவு சுத்தமாகத் திறந்திருந்தது. நான் எழுந்து உட்கார்ந்ததும் பெண்கள் ஒரே கூச்சலில் வாசலுக்குப் பாய்ந்தார்கள். செல்லக்கண்ணு அண்ணன் மட்டும் நகரவில்லை. என் தாடையைத் தொட்டுப் பார்த்து, "எழுந்து உக்காந்தும் கட்டு அவுரல பாத்தியா" என்றார். போனில் ஜோஸ்பின் என் பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் திட்டினாள். திட்டி முடித்த பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மச்சான், அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அன்றிலிருந்து தினமும் ராத்திரி எட்டு மணிக்குச் செல்லக்கண்ணு அண்ணனே வந்து தாடையைக் கட்டிவிட்டுப் போகிறார். நான் உயிரோடு இருக்கும்போதே கட்டுவது அவருக்கு முதலில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. கால் விரல் மட்டும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். மிஷினில் பதிவான மூன்று நாள் கணக்கை ஃபைசல் தம்பி செல்போனில் பார்த்தார். வாய் வழியாகக் காற்றே போகவில்லையாம். மூச்சு நிற்பது மணிக்கு நாற்பத்தொன்றிலிருந்து மூன்றுக்கு வந்துவிட்டது. பெல்ட்டும் நாளை வந்துவிடும். செல்லக்கண்ணு அண்ணனிடம் இதை எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை, மனசு உடைந்துவிடுவார்.

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்? இந்தப் பத்தொன்பது நாளும் விடியற்காலையில் கம்மிய குரலில் போன் செய்து, "மாப்ள, வாய் மூடிச்சா? எப்ப வந்து கூட்டிக்கினு போறீங்க?" என்று கேட்டீர்கள். போன ஞாயிறு பூசையில் நீங்கள் பிரசங்கம் முழுக்க உட்கார்ந்தபடியே தூங்கியதாகவும், கண் இரண்டும் கோவைப்பழமாக இருந்ததாகவும் கேள்விப்பட்டேன். தங்கையின் வாழ்க்கையை நினைத்து நினைத்து ராத்திரியெல்லாம் உறக்கமில்லாமல் கிடக்கிறீர்கள் என்று எனக்கு உள்ளம் உருகிவிட்டது. இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான்?

ஆகவே இக்கடிதம் கண்டதும் அவளுக்குப் புத்தி சொல்லி, ஒரு பை முருங்கைக்காயும் கொடுத்து, பஸ் ஏற்றி விடவும். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் முத்தங்களையும் சொல்லவும். ஆண்டவர் உங்கள் வயலில் தண்ணீரையும் கண்ணில் தூக்கத்தையும் நிறைவாகத் தருவாராக.

இப்படிக்கு,
வாய் மூடிய,
சூசைநாதன்.

பின்குறிப்பு: திங்கட்கிழமை காலை. ஸ்டாம்பு வாங்க மறந்ததில் இந்தக் கடிதம் இங்கேயே கிடந்துவிட்டது. அதற்குள் ஜோஸ்பின் நேற்று சாயங்காலம் தானாகவே வந்து இறங்கிவிட்டாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் நீங்கள் ஓடி வந்து ஏற்றிவிட்டீர்களாம். நேற்று ராத்திரி என் மிஷின் சத்தமில்லை, என் வாயும் சத்தமில்லை. அப்போதுதான் ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் மோட்டாரை நிறுத்தாமல் விட்டுவிட்டேன் என்று எழுந்து போய்ப் பார்த்தேன், மோட்டார் ஓடவில்லை. திரும்பி வந்து கட்டிலருகே நின்றேன். உங்கள் தங்கையின் குறட்டைதான், மச்சான்! முப்பத்துநாலு வருஷமாக என் சத்தத்துக்கு அடியில் அவள் சத்தம் அடங்கிக் கிடந்திருக்கிறது. விடிய விடிய அவள் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. காலையில், "இன்னாய்யா கண்ணு இப்புடிச் செவந்திருக்குது? நான் சத்தம் கித்தம் போட்டனா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அவள் முகத்தைப் பார்த்தேன், மூடிக்கொண்டேன். எனக்குத் துணைக்கு வா என்று சொல்லித்தான் அவளையும் டாக்டரிடம் கூட்டிப் போகப் போகிறேன்.

உங்கள் கண் ஏன் சிவந்தது, விடியற்காலையில் ஏன் போன் செய்தீர்கள் என்பதெல்லாம் இப்போது விளங்கிவிட்டது. மேலே நான் கொட்டி எழுதியிருக்கும் நன்றியை அடித்துவிட்டுப் படிக்கவும். கல்யாணத்தன்று "ராத்திரியும் அமைதி" என்று சொன்னீர்களே, அதிலிருந்து முப்பத்துநாலு வருஷம் இந்த விஷயத்தில் நீங்கள் வாயைத் திறக்கவேயில்லை. பெல்ட்டு இல்லாமல், கட்டு இல்லாமல் அது எப்படி முடிந்தது என்று மட்டும் மறுதபாலில் எழுதவும்.