கம்ப்யூட்டர் கரையேற்றிய என் வீட்டுக்காரர்

என் அரட்டை ராசாவுக்கு,

நான் இங்கே நலம். உன் நலத்தைக் கேட்கத்தான் கை வந்தது, எழுதிவிட்டு அடித்துவிட்டேன். இருந்தவரை ‘நீங்க’ என்றே கூப்பிட்டேன், இனி ‘நீ’தான். கோபமிருந்தால் வந்து கேள்.

நீ படகில் அவசரப் பொத்தானை அமுக்கினாயே, அதன் சிக்னல் துறைமுகக் கருவியில் இரண்டு தடவை விழுந்திருக்கிறது. முதல் தடவை நேர் வடக்குக்குச் சற்று இடப்பக்கம், அடுத்த தடவை சற்று வலப்பக்கம். அப்படியென்றால் நீ நடுவில், வடக்கே, கடலுக்குள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஆனால் கம்ப்யூட்டருக்குத் திசையெல்லாம் நம்பராம். வடக்கில் பூஜ்யத்தில் தொடங்கி, ஒரு சுற்று வந்து, அதே வடக்கில் முந்நூற்றறுபதில் முடியுமாம். இடப்பக்கம் முந்நூற்றைம்பது, வலப்பக்கம் பத்து; இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி நூற்றெண்பது என்றது. நூற்றெண்பது என்றால் நேர் தெற்கு. தெற்கே ஏது கடல், ஊர்தானே இருக்கிறது? தூரத்தை மட்டும் ஒழுங்காகக் கணக்குப் போட்டு, உன்னைப் படகோடு தூக்கிக்கொண்டுபோய் பஸ் நிலையத்தில் வைத்துவிட்டது.

துறைமுக அதிகாரிக்கு வாயெல்லாம் பல். “உங்க வீட்டுக்காரர் கரையேறிட்டாரும்மா, பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்ப் பாருங்க” என்று சொல்லி, கிளம்பவிருந்த தேடுபடகை நிறுத்திவிட்டார். “அப்ப படகு எங்க சார்?” என்றேன். “அதை அவர்கிட்டயே கேளுங்க.” உன் தம்பி வேறு, “அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது அண்ணி, எவன்கிட்டயாவது கதையளந்துட்டு நிப்பாரு” என்றான். நானும் நம்பி டீக்கடை, டிக்கெட் வரிசை, ஆண்கள் கழிப்பறை வாசல் என்று ஒன்று விடாமல் நின்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீ அப்போது தண்ணீரில்.

பிறகுதான் தேடுபடகை அனுப்பினார்கள்; உன் படகு வடக்கே கவிழ்ந்து கிடந்தது. நீ இல்லை. கணக்கை எழுதிய எஞ்சினியர் வந்து, “சராசரி எடுத்ததுல சின்னத் தப்பும்மா. திசையை அம்புக்குறியா வச்சுக் கூட்டியிருக்கணும். சரி பண்ணிட்டோம்” என்றார். “அப்படியே என் வீட்டுக்காரரையும் சரி பண்ணிக் குடுத்துருங்க” என்றேன்.

தேடல் முடிந்தது என்று அவர்கள் சொன்னதற்கு நானும் தலையாட்டிவிட்டேன். உன் சட்டைகளை உன் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். மனசு ஆறிவிட்டது. எங்கிருந்தாலும் குளிரில்லாமல் இரு.

இப்படிக்கு,
உன்னிடம் வாய் கொடுத்து ஒருநாளும் ஜெயிக்காதவள்

பின்குறிப்பு: ஆறவில்லை. சட்டைகளையும் திரும்ப வாங்கிவிட்டேன். உன் தம்பி வாசலில் டீசல் கேனோடு நிற்கிறான், நானும் படகில் போகிறேன். “கவிழ்ந்த இடம் வரைக்கும் போயிரலாம் அண்ணி, அங்கிருந்து எந்தப் பக்கம்?” என்கிறான். சொல்லு, நீ எந்தப் பக்கம் நீந்தினாய்?