முகம் சிவந்ததற்குச் சான்று

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு யாவரும் நலம், என் முகம் நீங்கலாக. நீங்களும் தங்கையும் சுகமென்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

கொழுப்பைக் குறைக்க டாக்டர் எழுதிக்கொடுத்து, உங்கள் மருந்துக்கடையிலிருந்து நீங்கள் அனுப்பிய மாத்திரையை மூன்று வாரமாகச் சாப்பிடுகிறேன். "வைட்டமின்தானே மச்சான், ஒண்ணும் பண்ணாது" என்றீர்கள். பண்ணுகிறது. போட்ட அரைமணியில் காது சுடுகிறது. பிறகு கழுத்து, மார்பு எல்லாம் மிளகாய் பூசினாற்போல் எரிந்து, அரித்து, சிவந்துபோகிறது. முதல் வாரம் முடிதிருத்துபவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "சார், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றார். வீட்டில் உங்கள் அக்கா, "யாரைப் பாத்துட்டு வர்றீங்க?" என்று கேட்டதோடு சரி, மூன்று நாள் பேச்சில்லை.

அதெல்லாம் போகட்டும். அலுவலகத்தில் எங்கள் பிரிவில் பதினான்கு பேருக்கு இருந்த ஒரே மின்விசிறியை மேலாளர் தம் அறைக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அதைப் பற்றி யாரோ தலைமை அலுவலகத்துக்கு மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள். போன வியாழக்கிழமை எங்களை வரிசையாக நிற்கவைத்து, அவரே அதை உரக்கப் படித்தார். இரண்டாவது பத்தியில் என் காது சுட ஆரம்பித்தது.

"ஏன்யா, உனக்கு மட்டும் மூஞ்சி சிவக்குது?"

"மாத்திரைங்க சார். கொழுப்பு குறையறதுக்குப் போடறேன்."

"குறைஞ்ச மாதிரி தெரியலையே!"

தட்டச்சர் அம்மா சிரித்துவிட்டார். அது எனக்கு உதவவில்லை. திங்கட்கிழமைக்குள் எழுத்துமூலம் விளக்கம் தராவிட்டால் வெளியூருக்கு மாற்றிவிடுவாராம். ஓய்வு பெறப் பதினோரு மாதம் இருக்கிறது. சக ஊழியர்களோ என்னை வீரன் என்கிறார்கள். மேலாளருக்கே எழுந்திருக்காத கடைநிலை ஊழியர் என்னைக் கண்டதும் எழுந்து நிற்கிறார். நான் எழுதலப்பா என்றால், என்ன அடக்கம் பாரு என்கிறார்கள்!

ஆகவே, மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் 'முகம் சிவக்கலாம்' என்ற வரியை அடிக்கோடிட்டு, கடை முத்திரை குத்தி உடனே அனுப்பவும். நீங்கள் வெறும் அட்டைகளை மட்டும் அனுப்பியதால் அந்தத் தாள் என்னிடம் இல்லை.

தங்கைக்கு என் அன்பு. பிள்ளைகள் நிழலும் காற்றுமுள்ள வேலையில் அமர என் ஆசிகள்.

இப்படிக்கு,
நிரபராதியான உங்கள் மச்சான்

பி.கு.: வியாழக்கிழமை அவசரத்தில் மாத்திரை போட மறந்துபோனேன். அந்த மொட்டைக் கடிதத்தை எழுதியதும் நான்தான், இடது கையால். தாளை எப்படியும் அனுப்புங்கள். மேலே உள்ளதெல்லாம் கோர்வையாக வந்திருக்கிறது, இந்தப் பி.கு.வை மட்டும் கிழித்துவிடுங்கள்.