அடைப்புக்குறி இல்லாத கம்பெனி

“ஏதாவது கேக்கணும்னா இப்பமே கேட்டுரு. பெறவு, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியேன்னு சொல்லப்பிடாது” என்றான் செந்தூர்பாண்டி.

“ஒண்ணு இருக்கு. நேரம் வரும்போது கேக்கேன்” என்றாள் முருகேஸ்வரி.

நிச்சயதார்த்தத்தன்று மில்லர்புரத்து வீட்டு மொட்டைமாடியில், காயப்போட்ட வேட்டிகளுக்கு நடுவே முடிவான இந்த ஒப்பந்தத்தைவிடச் சிக்கனமான ஒப்பந்தம் உலக வணிக வரலாற்றில் கிடையாது. கையெழுத்து இல்லை, சாட்சி இல்லை, கெடுவும் இல்லை. இருந்தும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அமலில் இருந்தது.

செந்தூர்பாண்டி நல்லவன். மறக்காமல் அவ்வப்போது விசாரிப்பான்.

“ஃபிரிட்ஜா?”

“இல்ல.”

“கொடைக்கானலா?”

“இல்ல.”

“காசுமாலையா? வாயத் தொறந்து சொன்னாத்தானளா தெரியும்.”

“நேரம் வரட்டும்.”

நேரம் வராத ஒவ்வொரு முறையும் அவன் ஒரு பொட்டலம் மக்ரூன் இனிப்பு வாங்கி வந்து வட்டியைக் கட்டிவிடுவான். அசல் அப்படியே நின்றது. முருகேஸ்வரிக்கு ஒருமுறை அது தொண்டைவரை வந்தது. “கம்பெனியில பொம்பளைக்கு என்ன சோலி” என்று மாமனார் யாரையோ திட்டிக்கொண்டிருந்த நேரம் அது. விழுங்கிவிட்டாள்.

அந்தக் கம்பெனியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செந்தூர்வேல் சால்ட் பிரைவேட் லிமிடெட் சாதாரண உப்புக் கம்பெனி அல்ல. மாமனார் செந்தூர்வேல் இருந்தவரை சாதாரணமாகத்தான் இருந்தது என்பது உண்மை. தருவைகுளம் போகும் வழியில் நாற்பது ஏக்கர் உப்பளம், உப்பு அரைக்க ஒரு மில், ஏற்றிப்போக ஒரு லாரி, கிணற்று உப்புத் தண்ணீரை இறைக்க மோட்டார்கள் என்று கண்டதையும் வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார் அந்த மனிதர். ‘தொலைநோக்கு’ அவர் காலத்தில் ஏற்படவில்லை.

அவருக்குப் பின் செந்தூர்பாண்டி அவருடைய சுழல் நாற்காலியில் உட்கார்ந்து நிர்வாக இயக்குநர் ஆனான். பி.காம். படித்த முருகேஸ்வரியும் ஓர் இயக்குநர் ஆக்கப்பட்டாள். அவளுடைய அதிகாரத்துக்கு எல்லை கிடையாது. மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் இடத்திலெல்லாம் அவள் கையெழுத்துப் போடலாம். யாருடைய மேசை மூலையிலாவது காகிதத்தை வைத்து, நின்றபடியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கலாம்.

தொலைநோக்கைக் கொண்டுவந்தவர் சிவசுப்பிரமணியன். செந்தூர்பாண்டியின் அக்கா வடிவம்மாளின் கணவர், மூன்றாவது இயக்குநர். மதுரையில் ஒரு ஹோட்டலில், மதியச் சாப்பாட்டுடன் கூடிய ‘நிதி விழிப்புணர்வு’ முகாமுக்குப் போய்வந்தவர். சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த வகுப்புகளில் கண்ணை மூடி ஆழ்ந்து கேட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

முதலில் லாரியை விற்றது ஒரு தற்செயல். கியர் பாக்ஸ் தகராறு செய்தது. செப்பனிடச் சோம்பல்பட்டு மாப்பிள்ளையூரணி கிளாட்வினுக்குக் கொடுத்துவிட்டார்கள். கிளாட்வினும் உப்பு வியாபாரிதான். அந்த ஆண்டுக் கணக்கை வாசிக்க ஆடிட்டர் ஜீவமணி வந்தார். ரொக்க ஓட்ட அறிக்கையை விரித்தார்.

“இதுல மூணு பகுதி இருக்கு. உப்பு வித்து, கூலி குடுத்து, அன்னாடம் வந்து போற ரொக்கம் முதல் பகுதி. லாரி, மிஷின், நெலம்னு நாலு வருசம் நின்னு ஒழைக்கதுகள வாங்குனா ரொக்கம் வெளிய போவும், அத மைனஸ்னு அடைப்புக்குறிக்குள்ள போடுவோம். வித்தா உள்ள வரும். அது ரெண்டாவது. முதலீட்டு நடவடிக்கைம்பாங்க. கடன் வாங்குதது, அடைக்கது மூணாவது. இந்த வருசம் லாரி குடுத்ததுனால ரெண்டாவது பகுதி பாசிட்டிவ். ஆனா...”

கொரோனாவுக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு குடும்பம் எழுந்து நின்று கைதட்டியது அநேகமாக அதுதான் முதல் தடவை.

“கேட்டியால மாப்ள?” என்றார் சிவசுப்பிரமணியன். “ஊர்ல அவனவனுக்கு முதலீட்டுல பணம் போவுது. நமக்கு முதலீட்டுல பணம் வருது!”

“ஆனா...” என்றார் ஜீவமணி மறுபடியும்.

“ஸார், மீன் கொழம்பு ஆறிரும்” என்றாள் வடிவம்மாள்.

சீலா மீன் குழம்புக்கு முன்னால் எந்த ‘ஆனா’வும் நின்றதில்லை. முதல் பகுதியில், வாடகை லாரிக்குக் கொடுத்த பணத்தால் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. கல்யாணப் பத்திரிகையின் மேல் இருக்கும் சாமி படத்தைப் போல, முதல் பகுதி மரியாதைக்காக அச்சிடப்படுவது என்பது குடும்பத்தின் கருத்து.

அடுத்த வாரம் மில்லர்புரத்து முனையில் ஃபிளக்ஸ் எழுந்தது. ‘முதலீட்டு நடவடிக்கைகளில் நேர்மறை கண்ட எங்கள் நிர்வாக இயக்குநரே!’ என்று கூவிய எழுத்துகளின் கீழே செந்தூர்பாண்டி கைபேசியைக் காதில் வைத்துச் சிரித்தான். பக்கத்திலேயே ஒரு காதுகுத்து ஃபிளக்ஸ். அதில் இருந்த குழந்தை மட்டும் அழுதுகொண்டிருந்தது.

பெருமை என்பது ஒருமுறை ருசி கண்டால் விடாது. மறு ஆண்டு அரைவை மில் போயிற்று.

“வருசா வருசம் மிஷினுக்குத் தேய்மானம் எழுதுதாரு ஆடிட்டரு” என்றார் சிவசுப்பிரமணியன். “தேயுத சாமான எவனாவது வீட்டுல வச்சிருப்பானா?”

அதற்கு அடுத்த ஆண்டு, கார்த்திகை மழையில் உப்பளம் குளமாகக் கிடந்தபோது, “மோட்டாரு எல்லாம் சும்மாதான கெடக்கு” என்று அவற்றையும் அனுப்பிவைத்தார். தை பிறந்து பாத்தி கட்டும் நேரம் வந்ததும், தாய்வீட்டுக்கு வரும் மகளைப் போல அதே மோட்டார்கள் அதே கிணறுகளுக்குத் திரும்பி வந்தன. நாள் வாடகைக்கு.

ஒவ்வொரு ஆண்டும் பாசிட்டிவ். ஒவ்வொரு ஆண்டும் ஃபிளக்ஸ். ஜீவமணியும் ஒவ்வொரு ஆண்டும் ‘ஆனா’ என்று ஆரம்பித்தார். ஒரு ஆண்டு நண்டு, ஒரு ஆண்டு கணவாய்.

எல்லாவற்றையும் வாங்கியவன் கிளாட்வின்தான். பாங்கியில் கடன் வாங்கியாவது வாங்கிவிடுவான்.

“பாவம், வெவரம் பத்தாது” என்றார் சிவசுப்பிரமணியன். அந்தப் பாவத்தின் ஆழத்தை அறிய, அரசாங்க இணையதளத்தில் நூறு ரூபாய் கட்டி கிளாட்வின் கம்பெனியின் அறிக்கைகளை இறக்கினார். பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“மைனஸ். முதலீட்டுல மூணு வருசமும் மைனஸ். அம்புட்டும் அடைப்புக்குறிக்குள்ள கெடக்கு.”

“ஐயோ, படிக்க புள்ளைய வச்சிருக்கானே!” என்று வடிவம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

எதிரியானாலும் ஒரு துக்கம் என்றால் போய்க் கேட்பதுதானே மனுசத்தனம். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு கிலோ ஆப்பிளும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு, வெளுத்த உடுப்புகளில் காரில் கிளம்பினார்கள். ஏ.சி. ஓடவில்லை. “விசிறிக்கோளா முருகேசு” என்று வடிவம்மாள் கொடுத்தது கிளாட்வினின் அறிக்கைகளை. முருகேஸ்வரி இரண்டு விசிறு விசிறினாள். பிறகு வாசித்தாள். வாசித்துவிட்டு, பையிலிருந்த சொந்தக் கம்பெனி அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதன்பின் அவளுக்கு வியர்த்ததே தெரியவில்லை.

கிளாட்வினின் களத்தில் லாரி நின்றது. நெற்றியில் ‘செந்தூர்வேல்’ என்ற பெயரை அவன் இன்னும் அழிக்கவில்லை. மில் அரைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் துக்கம் விசாரிக்கச் சிவசுப்பிரமணியன் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

“மனசத் தளர விட்ராத தம்பி!”

“எதுக்கு அண்ணாச்சி?”

“எங்ககிட்ட மறைக்காத. எல்லாத்தையும் பாத்துட்டோம்.” குரல் தழுதழுத்தது. “முதலீட்டுல... அடைப்புக்குறி.”

கிளாட்வின் தன் மனைவி ஜெயஷீலாவைப் பார்த்தான். அவளுக்கு அந்த நொடியில் அடுப்படியில் ஏதோ மிக அவசரமான வேலை வந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

“ஆமா அண்ணாச்சி” என்றான் கிளாட்வின், ஹார்லிக்ஸை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு. “இந்த வருசமும் வரும்போலதான் தெரியுது. இன்னொரு லாரி பேசியிருக்கேன்.”

“மாதாவே!” என்றாள் வடிவம்மாள், அவன் வீட்டுச் சாமியைத் துணைக்கு அழைத்து.

“நீங்க மட்டும் எப்படி அண்ணாச்சி ஒரு வருசம்கூட அடைப்புக்குறி இல்லாம இருக்கிய?”

“அது ஒரு கொடுப்பினை.”

“இருக்கட்டும் அண்ணாச்சி. வேற ஏதும் குடுக்கதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க. நான் இருக்கேன்.”

இவ்வளவு கஷ்டத்திலும் அவன் காட்டிய நல்ல மனசை நினைத்து வடிவம்மாள் கண்ணைத் துடைத்தாள். முருகேஸ்வரி அதைக் கவனிக்கவில்லை. அலுவலக அறைக்குள் ஜெயஷீலாவுக்கென்று ஒரு மேசை இருந்தது. மேலே பில் கட்டு, கால்குலேட்டர், பாதி குடித்த டீ. தன் மாமனாரின் லாரியைவிட அந்த மேசையைத்தான் அவள் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்ததும் புருசனிடம் சொன்னாள். “என்னங்க, நம்ம பிளஸ்ஸும் அவங்க மைனஸ்ஸும் வருசத்துக்கு வருசம் ஒரே தொகை. நாம வித்தத அவங்க வாங்கியிருக்காங்க, அவ்வளவுதான். அது அங்கன நின்னு சம்பாதிக்கி. நாம வாடகை குடுக்கோம். அவங்க போட்டது முதலீடு. நாம பண்ணுதது, வீட்ட இடிச்சு வெறகு விக்கது.”

செந்தூர்பாண்டி அவளையே பார்த்தான். ஒரு கணம் அவனுக்கு விளங்கிவிட்டது போலிருந்தது. விளங்கினால் அத்தானிடம் பேச வேண்டிவரும். ஆகவே விளங்காமல் பார்த்துக்கொண்டான்.

“அத்தானுக்குத் தெரியாதா? நீ எதுக்கு மண்டைய ஒடைக்க? மக்ரூன் வாங்கியாரவா?”

இந்த ஆண்டு விற்க ஒன்றும் மிஞ்சவில்லை. பாசிட்டிவைக் காப்பாற்ற, அலுவலக மேசைகளும் பீரோவும் பழைய சாமான் கடைக்குப் போயின. வந்த தொகை ஒரு ஃபிளக்ஸுக்குக்கூடக் காணாது. அப்போதுதான் சிவசுப்பிரமணியனின் தொலைநோக்கு அதன் உச்சியைத் தொட்டது. இயக்குநர் கூட்டம் அவசரமாகக் கூட்டப்பட்டது. கம்பெனிக்குச் சொந்தமாக மிஞ்சியிருந்த ஒரே இருக்கை சுழல் நாற்காலி. அதில் செந்தூர்பாண்டி உட்கார்ந்தான். மற்றவர்களுக்குப் பந்தல்காரரிடம் பிளாஸ்டிக் நாற்காலிகள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

“உப்பளம் நாப்பது ஏக்கரையும் குடுத்துருவோம்” என்றார் சிவசுப்பிரமணியன். “கிளாட்வின் ரெடியா இருக்கான். இந்த வருசம் நம்ம பாசிட்டிவப் பாத்து ஊரே வாயப் பொளக்கும். அவனுக்குத்தான், பாவம், அடைப்புக்குறி தாளுக்கு வெளிய போயிரும்.”

“ரெண்டு ஹார்லிக்ஸா வாங்கிட்டுப் போவோம்” என்றாள் வடிவம்மாள்.

“ஆனா...” என்றார் ஜீவமணி.

அன்று வெள்ளிக்கிழமை. வீட்டில் சாம்பார். சாம்பார் ஆறுவதைப் பற்றி யாரும் பதறவில்லை. எனவே பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ‘ஆனா’ ஒரு முழு வாக்கியமாக வளர்ந்தது. “ஆனா, உப்பளத்தையும் வித்துட்டா பெறவு உப்புக் கம்பெனி எதுக்கு ஸார்? அங்கன உப்பு வாருத அத்தன பேரும் எங்க போவாங்க?”

“கம்பெனின்னா என்ன ஸார்? அறிக்கைதான். அறிக்கை அருமையா இருக்கும்லா?”

நிலத்தை விற்க மூன்று இயக்குநர்களின் கையெழுத்தும் வேண்டும் என்பது கம்பெனி விதி. செந்தூர்பாண்டி தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டான். பேனா ஒருமுறை தயங்கியதுபோல் இருந்தது, மை பிரச்சினையாகவும் இருக்கலாம். காகிதம் முருகேஸ்வரியிடம் வந்தது. மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அவள் வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தாள். காகிதத்தை வைக்க ஒரு மேசை மூலை தேடினாள். அறை முழுக்க மேசையே இல்லை.

“என் முதுகுல வச்சுப் போடுளா” என்று செந்தூர்பாண்டி அன்போடு நாற்காலியைச் சுழற்றி முதுகைக் காட்டினான்.

அவள் அந்த முதுகைப் பார்த்தாள். காலையில் அவள் தேய்த்துக் கொடுத்த சட்டை. காகிதத்தை அதன்மேல் வைக்காமல், நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

பேனா முனை முதுகில் படாததால் அவன் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு ஏதோ நினைவு வந்து கண் விரிந்தது.

“ஏளா, நல்ல நேரம்லா இது! பெரிய பணம் வரப்போவுது. அன்னைக்கு மொட்டமாடியில சொன்னியே ஒண்ணு, அத இப்பம் கேளு. எதுனாலும் கேளு.”

“எதுனாலுமா?”

“எங்கப்பா மேல சத்தியமா.”

வடிவம்மாள் காசுமாலையின் நீளத்தைக் கற்பனை செய்து முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். வாடகை நாற்காலி கிரீச்சிட்டது.

“அன்னைக்கு நான் கேக்க நெனச்சது ஒரு மேசைங்க” என்றாள் முருகேஸ்வரி. “பி.காம். படிச்சிருக்கேன், ஆபீஸ் மூலையில ஒரு மேசை போட்டுக் குடுங்க, கணக்குப் பாக்கேன்னு கேக்க நெனச்சேன். அத்தன மேசையையும் வித்துட்டிய. கம்பெனியில இன்னும் விக்காம இருக்கது ரெண்டே ரெண்டு. ஒண்ணு உப்பளம், அத விக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன். இன்னொண்ணுலதான் நீங்க உக்காந்திருக்கிய. எந்திரிங்க.”